ஒரே பெயரில் இரண்டு படங்கள்: ‘தி பிக் டிரெய்ல்’ அகலப் பிரதியைத் தேடிப் பிடித்த விவரம்

எதைத் தேடினோம்

ஃபாக்ஸ் நிறுவனத்துக்காக ரவுல் வால்ஷ் இயக்கி 1930-இல் வெளிவந்த வெஸ்டர்ன் படம் ‘தி பிக் டிரெய்ல்’. ஜான் வெய்ன் கதாநாயகனாக நடித்த முதல் படம் இதுதான். மிசூரிப் பக்கமிருந்து ஆரிகனை நோக்கிக் கூண்டு வண்டிகளில் குடும்பம் குடும்பமாகப் புறப்பட்டுப் போகிறவர்களின் பயணம்தான் கதை. பெயரைப் போட்டுத் தேடினால் ஏதாவது ஒரு பிரதி கிடைத்துவிடும். அப்படியிருக்க, இதைப் போய் ஏன் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது?

இந்தப் பெயரில் இரண்டு படங்கள் இருக்கின்றன என்பதுதான் காரணம். படப்பிடிப்பில் இரண்டு வகைக் கேமராக்கள் ஓடின. ஒன்று எல்லோரும் பயன்படுத்திய 35 மி.மீ. கேமரா. இன்னொன்று ஃபாக்ஸ் அப்போது அறிமுகப்படுத்திய ‘கிராண்டியர்’ என்ற 70 மி.மீ. அகல ஃபிலிம் கேமரா. 35-க்கு ஒளிப்பதிவாளர் லூசியன் ஆண்ட்ரியோ. 70-க்கு ஆர்தர் எடிசன். பிற்பாடு ‘காஸாபிளாங்கா’வுக்கு ஒளிப்பதிவு செய்தவர். பெரிய ஃபிலிமில் எடுத்ததைச் சுருக்கிச் சின்னதாக்கவில்லை, சின்னதைப் பெரிதாக்கவும் இல்லை. தனித்தனிக் கேமரா, தனித்தனிக் கோணம், பல இடங்களில் டேக்கே தனித்தனி. அகலப் பிரதியின் நீளம் சுமார் 122 நிமிடம், 35 மி.மீ. பிரதி சுமார் 108 நிமிடம்.

எங்கள் திரைப்படச் சங்கத்தில் அகலத்திரையின் தொடக்க காலம் பற்றி ஒரு திரையிடல் வரிசைக்குத் திட்டமிட்டிருந்தோம். வெஸ்டர்ன் படங்களை அதிகம் பார்ப்பவன் என்பதால் இந்தப் படத்தைத் தேடும் வேலை என்னிடம் வந்தது. எங்களுக்கு வேண்டியது எடிசன் பிடித்த படம். சுலபமாகக் கிடைப்பதோ ஆண்ட்ரியோ பிடித்த படம். அதுவும் நல்ல படம்தான். ஆனால் அகலத்திரை வரிசையில் அதைப் போட்டால் வரிசைக்கே அர்த்தமில்லை.

இரண்டு படம் எப்படி வந்தது

1927-க்குப் பிறகு பேசும் படம் வந்ததும் திரையரங்கு முதலாளிகள் ஒலிக் கருவிகளுக்காகப் பெரும் பணத்தைக் கொட்டியிருந்தார்கள். அந்தக் கடன் தீர்வதற்குள் ஃபாக்ஸ் அடுத்ததாக அகலத்திரையைக் கொண்டுவந்தது. இதற்குப் புது ப்ரொஜெக்டர் வேண்டும், பெரிய திரை வேண்டும், சில அரங்குகளில் சுவரையே இடித்துக் கட்ட வேண்டும். நடுவில் 1929 அக்டோபரில் அமெரிக்கப் பங்குச் சந்தை சரிந்தது. அதன்பின் யார் செலவு செய்வார்கள்? கடைசியில் ‘தி பிக் டிரெய்ல்’ படத்தை அகல வடிவில் காட்டியவை இரண்டே அரங்குகள்: லாஸ் ஏஞ்சலிஸில் கிராமன்ஸ் சைனீஸ், நியூயார்க்கில் ராக்ஸி. மற்ற ஊர்களுக்கெல்லாம் போனது 35 மி.மீ. பிரதிதான்.

ஆக, 1930-லேயே பெரும்பாலான ரசிகர்கள் அகலப் படத்தைப் பார்க்கவில்லை. படம் நஷ்டமானது. அகல ஃபிலிம் திட்டமும் அதோடு படுத்துவிட்டது. அதே ஃபாக்ஸ் சினிமாஸ்கோப் என்ற அகலத்திரை முறையோடு மறுபடி அகலத்துக்கு வந்தது 1953-இல். ஜான் வெய்னுக்கும் அடி விழுந்தது. மரியன் மாரிசன் என்ற பெயரில் ஸ்டூடியோவில் சாமான் தூக்கிக்கொண்டிருந்த இளைஞரை நாயகனாக்கி, புதுப் பெயரும் வைத்துத்தான் இந்தப் படத்தை எடுத்தார்கள். படம் விழுந்ததும் அவர் சின்ன பட்ஜெட் கௌபாய் படங்களுக்குப் போனார். அங்கிருந்து அவரை மீட்டது 1939-இல் வந்த ‘ஸ்டேஜ்கோச்’. கிட்டத்தட்ட ஒன்பது வருஷம். இந்தப் படத்தில் அவர் குதிரையில் வரும் முதல் காட்சியிலேயே தெரியும் அந்த இளமையையும் தன்னம்பிக்கையையும் பார்த்தவர்களுக்கு, அந்த ஒன்பது வருஷம் நிஜமாகவே மனதை உறுத்தும்.

இவை தவிர வேறு மொழி வடிவங்களும் உண்டு. டப்பிங் இன்னும் பழகாத காலம். அதனால் அதே கதையை, வேறு நடிகர்களை வைத்து, ஜெர்மன், பிரெஞ்சு, ஸ்பானிய, இத்தாலிய மொழிகளில் தனித்தனியாக எடுத்தார்கள். பிரெஞ்சு வடிவத்தின் பெயர் ‘லா பிஸ்த் தே ஜெயான்’. ஸ்பானிய வடிவம் ‘லா கிரான் ஹோர்னாதா’. ஜான் வெய்ன் இவற்றில் இல்லை. தேடும்போது இவற்றின் போஸ்டர்களும் விவரங்களும் ஆங்கிலப் படத்தோடு கலந்து வரும் என்பதால்தான் இங்கே சொல்கிறேன்.

முதலில் கையில் கிடைத்தது

ஒரு நல்ல தெளிவான பிரதி வெகு சீக்கிரமே கிடைத்தது. ஒலி சுத்தம், படம் சுத்தம், கீறல் குறைவு. எங்கள் சங்கச் செயலாளர் பெரியவர், பொறுமையானவர். முதல் அரை மணி நேரம் பார்த்துவிட்டு, “தம்பி, படம்தான் கிடைச்சாச்சே, அப்புறம் என்ன?” என்றார்.

“ஐயா, படத்தோட வடிவத்தைப் பாருங்க. கிட்டத்தட்ட சதுரமா இருக்கு. நமக்கு வேண்டிய படத்துல அகலம் உயரத்தைப் போல ரெண்டு பங்கு” என்றேன்.

நியாயமான கேள்வியைத்தான் அவர் கேட்டார். பெயர் அதே, வருஷம் அதே, நடிகர்கள் அதே, இயக்குநர் அதே. படத்தைப் பற்றிய தகவல் பக்கம் எதைத் திறந்தாலும் இந்த நான்கும்தான் முதலில் இருக்கும். இரண்டு வடிவங்களையும் பிரித்துக் காட்டும் விவரம் அவற்றில் ஒன்றுகூட இல்லை. ஆகவே தேடலைத் தொடங்கும் முன் எங்களுக்கு வேண்டிய படத்தை எதை வைத்து அடையாளம் காண்பது என்று தீர்மானித்துக்கொண்டோம். மூன்று விஷயங்கள் போதுமானவையாக இருந்தன.

முதலாவது ஓடும் நேரம். 122-க்கும் 108-க்கும் நடுவில் பதினான்கு நிமிட இடைவெளி இருப்பதால் பார்த்த உடனே பிரித்துவிடலாம். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. திரைப்படம் நொடிக்கு 24 ஃப்ரேம் ஓடுகிறது. ஐரோப்பாவின் ‘பால்’ (PAL) என்ற தொலைக்காட்சி முறையில் நொடிக்கு 25. அதற்காகத் தயாரித்த டிவிடி வட்டுகளில் படத்தை 25-க்கு வேகப்படுத்தி ஏற்றிவிடுவார்கள். நேரம் நூற்றுக்கு நான்கு பங்கு சுருங்கும். 122 நிமிடப் படம் 117 ஆகும், 108 நிமிடப் படம் 104-க்கு அருகில் வரும். ஆகவே 117 நிமிடம் என்று எழுதியிருந்தால், ‘யாரோ ஐந்து நிமிடம் வெட்டிவிட்டார்கள்’ என்று ஒதுக்கக் கூடாது. அது முழு அகலப் பிரதியாகவே இருக்கலாம். 104 நிமிடம் என்று பார்த்து ‘இது மூன்றாவது வடிவமோ’ என்று மண்டையைக் குழப்பிக்கொள்ளவும் வேண்டாம்.

இரண்டாவது, படத்தின் அகல உயர விகிதம். கிராண்டியர் ஃப்ரேமின் அகலம் உயரத்தைப் போல் இரண்டு பங்குக்குச் சற்று மேல். இன்றைய தொலைக்காட்சித் திரையில் போட்டால் மேலும் கீழும் மெல்லிய கறுப்புப் பட்டை வரும். 35 மி.மீ. வடிவம் என்றால் பட்டை இடமும் வலமும் வரும். பட்டையே இல்லாமல் திரை முழுக்க நிரம்பி வழிந்தால் யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

யாரோ கை வைத்ததைக் கண்டுபிடிக்கத்தான் மூன்றாவது சோதனை: வண்டிச் சக்கரம். படம் முழுக்கக் கூண்டு வண்டிகள். வண்டி பக்கவாட்டில் போகும் காட்சியில் படத்தை நிறுத்தி, ஒரு சக்கரத்தின் உயரத்தையும் அகலத்தையும் அளவுகோலால் அளக்கலாம். இரண்டும் சமமாக இருந்தால் படம் இழுபடவில்லை. அகலம் கூடுதலாக இருந்தால் சதுரப் படத்தைப் பக்கவாட்டில் இழுத்து விரித்திருக்கிறார்கள். உயரம் கூடுதலாக இருந்தால், பக்கவாட்டில் நெருக்கிப் பதிந்த அகலப் படத்தைத் திரும்ப விரிக்காமல் விட்டிருக்கிறார்கள். வண்டி கேமராவைப் பார்த்துத் திரும்பும்போது சக்கரம் இயல்பாகவே ஒடுங்கித் தெரியும். நேர்ப் பக்கவாட்டுக் காட்சியில்தான் இது செல்லும். கண்ணுக்குப் பழகிப்போன மனித முகம் கொஞ்சம் இழுபட்டாலும் நாம் மன்னித்துவிடுகிறோம். சக்கரம் விஷயத்தில் அப்படி ஏமாற முடியாது. வேறு பல வெஸ்டர்ன் படங்களிலும் இதைச் செய்து பார்த்திருக்கிறேன், நன்றாகவே வேலை செய்கிறது.

பெயரால் வந்த குழப்பம்

இதை நீட்டாமல் சொல்லிவிடுகிறேன். ஜான் வெய்ன் 1930-களில் நடித்த சின்னப் படங்களின் பெயர்களில் ‘டிரெய்ல்’ திரும்பத் திரும்ப வருகிறது. 1934-இல் ‘தி டிரெய்ல் பியாண்ட்’, 1935-இல் ‘தி டெசர்ட் டிரெய்ல்’. இவை மலிவுத் தொகுப்பு வட்டுகளில் எங்கும் கிடைப்பவை, ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடுபவை. 1936-இல் ‘தி ஆரிகன் டிரெய்ல்’ என்றும் ஒரு படம் வந்தது. கதையை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டு தேடுகிறவர்கள் அதன் பின்னால் போய்விட வாய்ப்பு அதிகம். அந்தப் படம் தொலைந்துபோன படங்களின் கணக்கில் இருக்கிறது, பிரதியே இல்லை. ‘ஆரிகன் போகும் ஜான் வெய்ன் படம்’ என்று கேட்டு ஒருவர் ‘அது அழிந்துவிட்டது’ என்று பதில் சொன்னால், அவர் இதைத்தான் சொல்கிறார். மனம் தளர வேண்டாம்.

நெகட்டிவ் பிழைத்த விதம்

தேடலில் என்னை மிகவும் பிடித்துவைத்த பகுதி இது. அகலப் பிரதி இன்று இருப்பதே பெரிய விஷயம்.

அந்தக் கால ஃபிலிம் நைட்ரேட் அடிப்படையில் செய்யப்பட்டது. சட்டென்று தீப்பிடிக்கும். தீப்பிடிக்காவிட்டாலும் வயதாக ஆகச் சுருங்கும், நொறுங்கும். 1937 ஜூலையில் நியூ ஜெர்சியின் லிட்டில் ஃபெர்ரியில் இருந்த ஃபாக்ஸ் சேமிப்புக் கிடங்கு வெயில் சூட்டில் தீப்பிடித்தது. நிறுவனத்தின் மௌனப் படங்களில் பெரும்பகுதி அதில் சாம்பலானது. ‘தி பிக் டிரெய்ல்’ அகல நெகட்டிவ் பிழைத்து, பிற்பாடு நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் பாதுகாப்பில் இருந்தது.

1980-களின் தொடக்கத்தில் அருங்காட்சியகம் அதைப் பிரதி எடுக்க விரும்பியபோது எந்த ஆய்வகமும் தொடத் துணியவில்லை. காரணம் எளிது. ஃபிலிமின் ஓரத்தில் வரிசையாகத் துளைகள் இருக்கும். அச்சு இயந்திரத்தின் பற்கள் அந்தத் துளைகளில் பதிந்து ஃபிலிமை இழுக்கும். ஃபிலிம் சுருங்கினால் துளைகளுக்கு இடையிலான தூரமும் சுருங்கும். பற்களோ பழைய அளவிலேயே இருக்கும். ஓட்டினால் துளை கிழியும், ஃபிலிம் போய்விடும். போதாக்குறைக்கு இது 70 மி.மீ. கிராண்டியர், வேறு யாரும் தொடராத அளவு, அதற்கான இயந்திரங்களும் கிடையாது.

அப்போதுதான் கார்ல் மால்கேம்ஸ் வந்தார். ஒளிப்பதிவாளர், பழைய ஃபிலிம்களை மீட்பதில் கைதேர்ந்தவர். இந்த ஒரு நெகட்டிவுக்காகவே அவர் தனி அச்சு இயந்திரத்தை வடிவமைத்துச் செய்தார். அது ஒரு நொடிக்கு ஒரு ஃப்ரேம் என்ற வேகத்தில் பிரதி எடுத்தது. படம் திரையில் ஓடுவது நொடிக்கு 24 ஃப்ரேம் என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். 122 நிமிடம் என்றால் 1,75,000-க்கும் மேற்பட்ட ஃப்ரேம்கள். வேலை முடிய ஓராண்டு பிடித்தது. அகலப் படத்தைப் பக்கவாட்டில் நெருக்கி, 35 மி.மீ. ஃபிலிமில் சினிமாஸ்கோப் முறையில் பதித்தார். திரையிடும்போது அதற்குரிய லென்ஸ் அதைத் திரும்ப விரித்துவிடும். இன்று வட்டில் நாம் பார்க்கும் அகலப் படம் இந்த உழைப்பின் மேல் நிற்பது.

அதே 1930-இல் எம்.ஜி.எம். நிறுவனத்துக்காக கிங் விடோர் இயக்கிய ‘பில்லி தி கிட்’ என்ற வெஸ்டர்ன் படமும் 70 மி.மீ.இல் எடுக்கப்பட்டது. அதன் அகல வடிவம் பிழைக்கவில்லை, 35 மி.மீ. வடிவம் மட்டுமே எஞ்சியது. இரண்டையும் அடுத்தடுத்து நினைத்துப் பார்த்தால் மால்கேம்ஸ் செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்று புரியும். 2006-இல் ‘தி பிக் டிரெய்ல்’ அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இடம்பெற்றது.

வட்டைத் தேடியது

பிரதி இருக்கிறது என்பது உறுதியானதும் கேள்வி சுருங்கிவிட்டது: மால்கேம்ஸ் காப்பாற்றிய படம் எந்தெந்த வட்டில் வந்திருக்கிறது?

வெளியீட்டு வரலாற்றைப் பார்த்ததும் பதில் கிடைத்தது. ஃபாக்ஸ் 2003-இல் வெளியிட்ட டிவிடியில் 35 மி.மீ. வடிவம் மட்டுமே உண்டு. 2008-இல் வந்த இரண்டு வட்டுத் தொகுப்பில்தான் அகல வடிவமும் சேர்ந்தது. 2012-இல் வந்த ப்ளூ-ரேயிலும் இரண்டு வடிவங்களும் உண்டு. எங்களுக்கு முதலில் கிடைத்த தெளிவான பிரதி 2003 வகை என்பது அப்போது புரிந்தது.

இங்கிருந்து வேலை வெறும் விசாரிப்புதான். ஸ்ட்ரீமிங் தளங்களில் இப்படிப்பட்ட படம் வரும், போகும்; ஒரு நாட்டில் இருப்பது இன்னொரு நாட்டில் இருக்காது. எந்தத் தளத்தில் எந்தப் படம் இருக்கிறது என்று சொல்லும் ஜஸ்ட்வாட்ச் போன்ற சேவைகள் பெயரைத்தான் காட்டுகின்றன, வடிவத்தைக் காட்டுவதில்லை. அங்கே கிடைத்தால் காசு கட்டும் முன் ஓடும் நேரத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது. நூலகப் பட்டியல்கள் இந்த விஷயத்தில் எவ்வளவோ மேல். வட்டு எத்தனை, எந்த வருஷத்து வெளியீடு, எத்தனை நிமிடம், அகலத்திரையா முழுத்திரையா என்று பட்டியல் தயாரிக்கும் நூலகர் ஒழுங்காக எழுதிவைத்திருப்பார். உலக நூலகங்களின் பொதுப் பட்டியலான வேர்ல்ட்கேட்டில் ஒரே தலைப்புக்குக் கீழே வெளியீடுகள் தனித்தனியாகப் பிரிந்திருக்கும். எந்த வெளியீட்டைத் தேட வேண்டும் என்பதில் எனக்கு இருந்த மீதிச் சந்தேகமும் அங்கேதான் தீர்ந்தது.

வட்டு விற்பனையாளர்களிடம் அனுபவம் கலவையாக இருந்தது. பழைய ஃபாக்ஸ் படங்களின் உரிமை 2019-இல் டிஸ்னியிடம் போன பிறகு, இத்தகைய பழைய தலைப்புகளைக் கையிருப்பிலோ இரண்டாம் கையாகவோதான் தேட வேண்டியிருக்கிறது. ஒரு விற்பனையாளர் ‘அகலத்திரை, முழு நீளம்’ என்று எழுதி விற்ற வட்டை வாங்கினோம். போட்டுப் பார்த்தால் சதுரப் படத்தின் மேலும் கீழும் வெட்டித் திரைக்குப் பொருத்தியிருந்தார்கள். நேரம் 108 நிமிடம். சக்கரம் வட்டமாகத்தான் இருந்தது. ஆனால் நின்று பேசுகிறவர்களின் தொப்பி பாதியில் அறுந்திருந்தது. நான்குக்கு மூன்று விகிதப் படத்தைப் பதினாறுக்கு ஒன்பது திரையில் இப்படி நிரப்பினால் உயரத்தில் கால் பங்கு போய்விடும். வெஸ்டர்ன் படத்தில் தொப்பிக்கு மேலே வானம் இருக்க வேண்டும். அதைப் பறித்துவிட்டு அகலத்திரை என்று பெயர் வைப்பது, எடுத்தவர்களுக்கும் பார்ப்பவர்களுக்கும் செய்யும் அநியாயம்.

அதற்குப் பிறகு விற்பவரிடம் மூன்று கேள்விகள் கேட்காமல் எதையும் வாங்கவில்லை. உறையின் பின்பக்கத்தைப் படம் பிடித்து அனுப்ப முடியுமா? வெளியீட்டு ஆண்டு என்ன? வட்டு உலகின் எந்தப் பகுதிப் பிளேயர்களில் ஓடும் என்று சொல்லும் பகுதிக் குறியீடு என்ன? பின்பக்கப் படம் கிடைத்தாலே பாதி வேலை முடிந்தது: நிமிடம், விகிதம், நிறுவனம் எல்லாம் அங்கே பொடி எழுத்தில் இருக்கும். பகுதிக் குறியீட்டை அலட்சியப்படுத்தினால் சரியான வட்டு கையில் இருந்தும் நம் பிளேயரில் ஓடாது. டிவிடிக்கு எண்களும் ப்ளூ-ரேக்கு ஏ, பி, சி என்ற எழுத்துகளும் உண்டு. எங்கள் பிளேயர் எல்லாப் பகுதி வட்டுகளையும் ஏற்கும் வகை என்பதால் அந்தக் கவலை இல்லாமல் போனது.

கடைசியில் கிடைத்தது 2012 ப்ளூ-ரே, இரண்டாம் கை. உறை ஓரம் கசங்கியிருந்தது, வட்டில் ஒரு கீறல்கூட இல்லை.

திரையில் போட்டபோது

வட்டு கிடைத்ததோடு வேலை முடிவதில்லை. ப்ரொஜெக்டரில் ‘திரையை நிரப்பு’ என்ற அமைப்பு இருந்தால் முதலில் அதை அணைக்க வேண்டும். அது இருக்கும்வரை அகலப் படத்தின் இரு ஓரங்களையும் வெட்டிக்கொண்டே இருக்கும். வட்டில் இரண்டு வடிவங்கள் இருப்பதால் எது ஓடுகிறது என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். சக்கரத்தை ஒருமுறை அளந்தோம். வட்டம்.

பிறகு இரண்டு வடிவங்களிலும் அதே காட்சிகளை அடுத்தடுத்துப் போட்டோம். வண்டித் தொடர் புறப்படும் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். 35 மி.மீ. வடிவத்தில் கேமரா பேசுகிறவர்களை நெருங்கி நிற்கிறது. யார் என்ன சொல்கிறார்கள் என்பது தெளிவு. காட்சி சுருக்கமாக நகர்கிறது. அகல வடிவத்தில் எடிசன் தள்ளி நிற்கிறார். முன்னால் இரண்டு பேர் பேசிக்கொண்டிருக்க, பின்னால் ஒருவர் மாட்டை நுகத்தில் பூட்டுகிறார், ஒரு பெண் பாத்திரங்களை வண்டிக்குள் ஏற்றுகிறாள், குழந்தைகள் ஓடுகிறார்கள், அதற்கும் பின்னால் வேறு வண்டிகள் வரிசைக்கு வருகின்றன. எங்கே பார்ப்பது என்று படம் நமக்குக் கட்டளை இடுவதில்லை. அந்த ஓரத்து வேலைகள்தான் இந்தப் படத்தின் உயிர் என்று எனக்குத் தோன்றுகிறது. வசனங்களில் மேடை நாடக வாடை உண்டு, கதையும் சாதாரணமான பழிவாங்கும் கதைதான். ஆனால் நூற்றுக்கணக்கான மனிதர்கள் உண்மையான மண்ணில், உண்மையான பாரத்தோடு நகர்வதை வேறு எந்தப் படத்திலும் நான் இப்படிப் பார்த்ததில்லை.

செங்குத்தான பாறைச் சரிவில் வண்டிகளையும் மாடுகளையும் கயிறு கட்டி இறக்கும் பகுதி வந்தபோது யாரும் பேசவில்லை. சதுர வடிவத்தில் ஒரு வண்டி இறங்குவது தெரிகிறது. அகல வடிவத்தில் சரிவு முழுவதும், மேலே கயிற்றைப் பிடித்திருப்பவர்கள், நடுவில் தொங்கும் வண்டி, கீழே காத்திருப்பவர்கள் என எல்லாம் ஒரே ஃப்ரேமில் வந்துவிடுகின்றன. கயிறு நழுவினால் என்ன ஆகும் என்று யாரும் வசனத்தில் சொல்ல வேண்டியதில்லை, தூரமே சொல்லிவிடுகிறது. செயலாளர் அந்த இடத்தைத் திரும்பப் போடச் சொன்னார். “இதுக்காகத்தானா தம்பி அவ்வளவு அலைஞ்சீங்க? சரி, சரி” என்றார்.

35 மி.மீ. வடிவத்தையும் நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். நடிகர்களின் முகங்கள் அதில்தான் நன்றாகத் தெரிகின்றன, முக்கியமாக வில்லன் ரெட் ஃப்ளாக்காக வரும் டைரோன் பவர் சீனியரின் முகம். மேடையிலும் மௌனப் படத்திலும் பெயர் பெற்ற அவர் நடித்த ஒரே பேசும் படம் இது, 1931-இல் இறந்துவிட்டார். அந்தக் கரகரத்த குரலும் தாடியும் பற்களும் நெருக்கத்தில் பார்க்கவேண்டியவை. இரண்டு வடிவமும் இருக்கும் வட்டு கிடைத்தால் முதலில் அகலத்தைப் பாருங்கள், சில நாள் கழித்து மற்றதைப் பாருங்கள்.

இப்போதைய நிலை

வட்டு வாங்கினால் வீட்டில் பார்க்கலாம். பதிப்புரிமை இருக்கும் நாடுகளில், பலர் கூடும் இடத்தில் காட்ட உரிமையாளரின் அனுமதி தனியாக வேண்டும். திரையிடலை நடத்துகிறவர்கள் இதை முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும், கடைசி வாரத்தில் கேட்டால் நடக்காது. அமெரிக்காவில் 1930-இல் வெளியான படங்களின் 95 ஆண்டு பதிப்புரிமைக் காலம் 2025 முடிவோடு தீர்ந்தது. 2026 ஜனவரி 1 முதல் அங்கே இந்தப் படத்தை யாரும் பிரதி எடுக்கலாம், காட்டலாம். மற்ற நாடுகளின் கணக்கு வேறு. பல இடங்களில் இயக்குநர் இறந்த ஆண்டிலிருந்து எண்ணுகிறார்கள். வால்ஷ் 1980 டிசம்பர் 31-இல் காலமானவர் என்பதால் அங்கங்கே உள்ள சட்டத்தைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

அமெரிக்காவில் உரிமை முடிந்துவிட்டதால் இனிப் புதுப் பிரதிகள் நிறைய வரும். அவற்றில் கணிசமானவை எளிதாகக் கிடைக்கும் 35 மி.மீ. வடிவத்திலிருந்து எடுத்தவையாகவே இருக்கும் என்று எதிர்பார்க்கிறேன். திரைக்குப் பொருத்த வெட்டியவையும் இழுத்தவையும் கூடவே வரும். நேரம் 122-ஆ, அல்லது ‘பால்’ முறையில் 117-ஆ, மேலும் கீழும் பட்டை இருக்கிறதா, சக்கரம் வட்டமா என்று பார்த்துவிட்டால் போதும், ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

சங்கத்தில் அடுத்து ஜெர்மன் வடிவத்தைத் தேடச் சொல்லியிருக்கிறார்கள். ‘டீ குரோஸ ஃபார்ட்’ என்பது பெயர், 1931. அதே பயணத்தில் வேறு முகங்கள். அதற்கான நூலகப் பட்டியல் வேலையைத் தொடங்கிவிட்டேன்.